தேர் திரும்பும் திடலில் குப்பை நிலையம்

ஆவணி, சனிக்கிழமை இரவு.

வீடுகளின் குப்பையை லாரிக்கு மாற்றும் நிலையத்தை, மாதா தேர் திரும்பும் திடலில் அமைக்க மாநகராட்சி எங்கள் மாதா கோயில் பங்கு மக்களிடம் இசைவு கேட்டிருந்தது. இப்போது அவ்வேலை எங்கள் இராயபுரத்துப் பள்ளி வாசலருகே, நடுத்தெருவில் நடக்கிறது. சுவர் எழுந்தால் தேர் திரும்பாது என்று முதலில் எதிர்த்தவன் நான்.

இன்று மாலை இளைஞர்கள் சுவர் வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, மாதாவின் சுரூபம் வைக்காத வெறுந்தேரை இழுத்து வந்தனர்.

"நவுருங்க தாத்தா, மாதா ரிவர்ஸ் எடுக்குது!" என்றான் என்னிடம், வடம் பிடித்த அந்தோணி.

"வாய மூடிக்கினு சக்கரத்த பாருடா," என்று துப்புரவுப் பணியாளர் பிலோமினா அதட்டினாள். "கோட்டு மேல ஏறிச்சுனா நான் மறுபடியும் ஸ்கூலாண்டதான் கொட்டிகினு கெடக்கணும்."

தேர் முனகியது, திரும்பியது. கோட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் எஞ்சியது. பிலோமினா சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள்.

நாற்றம் வராதென்று பொறியாளர் சொன்னது மெய்யாகட்டும். சீடரின் புழுதிக் கால்களைக் கழுவியவரின் தாய் குப்பை நிலையம் என்ற இந்த அண்டை வீட்டை வெறுப்பாளோ? வெறுக்கமாட்டாள் என்றே நெஞ்சம் துணிகிறது. காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் என் இசைவைச் சொல்வேன். முதலில் எதிர்த்தவன் முதலில் இசைவதே முறை.