அப்ப ஒருக்கா

மச்சான்,

இன்று காலை சைக்கிள் சீற்றைத் தாங்கும் கம்பியைக் கழற்றிப் பழைய கிறீஸைத் துடைத்தேன். நீ அரத்தால் போட்ட கோடு தெரிந்தது. "இதுக்கு மேல சீற்றை உயர்த்தாதை, உனக்குக் கால் எட்டாது" என்று சொல்லிப் போட்ட கோடு. துணியும் கையுமாகக் கனநேரம் நின்றுவிட்டேன்.

ஜெர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்த வருடம் அது. பகலில் தொழிற்சாலையில் வெல்டிங் செய்துவிட்டு, மாலையில் உன் வீட்டு நிலவறையில் உருக்குக் குழாய்களை அறுத்து, பித்தளை உருக்கி ஒட்டி, கையாலேயே சைக்கிள் கட்டுவாய். பீலெஃபெல்ட் மாநகரின் ஒப்பற்ற மலையேற்ற வீரனாகிய எனக்கும் ஒன்று கட்டித் தருகிறேன் என்றாய். உயரம் கேட்டாய். ஆறடி என்றேன். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாய்; அளவு நாடாவைத் தொடவேயில்லை. மூன்று மாதம் கழித்து வந்த சைக்கிள், என் ஐந்தடி நாலு அங்குலத்துக்குத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

"எப்பிடியடா?"

"நீ சொன்னதில கழிக்கவேண்டியதைக் கழிச்சன்."

அதன்பிறகு என் புளுகைக் கழிப்பதே உன் வேலையாகிவிட்டது. ஞாயிறு காலைகளில் நகரத்துக்குப் பின்னால் நிற்கும் காட்டுமலையை ஏறி இறங்கி, பேக்கரி வாசலில் கோப்பியோடு கூடுவோம். சைக்கிளுக்கு நல்லது கார்பனா உருக்கா என்ற வழக்கு அங்கே வாராவாரம் நடக்கும். நடுவில் நான் எழும்பி, இன்று பத்துத் தரம் நிற்காமல் ஏறினேன், கடைசி வளைவில் மான் கூட்டமொன்று எழுந்து நின்று மரியாதை செய்தது என்று அறிவிப்பேன். நீ கோப்பியிலிருந்து தலை நிமிர்த்தமாட்டாய்.

"அப்ப ஒருக்கா."

"மான்?" என்று யாராவது கேட்பார்கள்.

"நாய். அதுவும் படுத்திருந்தது."

ஏற்றத்தில் உன்னை நான் ஒருநாளும் வென்றதில்லை. வென்றதாக ஜெர்மனி முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் நீ கழிக்கவில்லை.

பிறகு ஒரு மார்கழியில் உனக்குப் புற்றுநோய் என்றார்கள். மாசியில் நான் உன்னைப் பார்க்க வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் உன் மனைவி மறித்தாள். "அண்ணை, இனி ஒண்டும் செய்யேலாதாம். அவருக்கு இன்னும் சொல்லேல்லை. நீங்கள் வழமை போலக் கதையுங்கோ."

வழமை போலத்தான் கதைத்தேன். "குளிர் போகட்டும் மச்சான், ரெண்டு பேருமாப் பத்துத் தரம் ஏறுவம்."

நீ என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாய், உயரம் கேட்ட அன்று பார்த்தது போலவே.

"அப்ப ஒருக்கா?"

அதுவரை நீ அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை.

ஓம் என்றேன். நான் சொன்ன புளுகுகளிலெல்லாம் பெரியது அந்த ஒன்றுதான். நீ சிரித்தாய். என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதையும் கழித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. மரங்கள் தளிர்க்க முன்னமே போய்விட்டாய்.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். எத்தனை தரம் ஏறினாய் என்று பேக்கரி வாசலில் கேட்டால், ஒருக்கா என்கிறேன். கழிக்க நீயில்லாத இடத்தில் புளுகுவதற்கு வாய் வருவதில்லை.

வயது போனதில் நான் இரண்டு அங்குலம் குறுகிவிட்டேன் மச்சான். சரி, அரை. சீற்றில் இருந்தால் பெருவிரல்தான் நிலத்தில் முட்டுகிறது. ஆனாலும் இன்று கம்பியைத் திரும்பக் குழாயில் செருகி, நீ போட்ட கோட்டிலேயே இறுக்கினேன்.