பட்டு சீட்டுக்குக் கீழே

பிப்ரவரி 6, வெள்ளி

பிரசாந்த் ஒரு திருடன். தினேஷ் கட்டிய காருக்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறான். கல்யாண மண்டபத்து வாசலில் பேனர்: ‘வடிவமைப்பு, தயாரிப்பு: பிரசாந்த்.’ கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வெளியே பனி. ஜன்னலைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அதேதான்.

பிரசாந்த், களம்பூர் ரைஸ் மில் முதலாளி மகன். தினேஷ் என் தம்பி, அந்த மில் லாரிகளுக்கு மெக்கானிக். கார், வேலூரில் ஒரு டாக்டர் வீட்டில் கிடந்த பழைய வெளிநாட்டு வண்டி. ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் செத்துப்போனது. காசு கொடுத்து வாங்கியது பிரசாந்த். மற்றதெல்லாம் தினேஷ். எஞ்சினை இறக்கி எறிந்துவிட்டு, அடிபட்ட ஜீப் ஒன்றின் டீசல் எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் உள்ளே உட்காரவைத்தான். தரையை வெட்டி கியர் கம்பிக்கு வழி. அகலமான பிரேக் பெடலைப் பாதியாக அறுத்து, பக்கத்தில் கிளட்ச். ஒரு வருஷமாக அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லை.

சாப்பிடும்போது கேட்டேன், பேனர் பார்த்தாயா என்று.

“பார்த்தேன்கா. பேர்ல இன்னா கீது. ஃபர்ஸ்ட் பிரைஸ் வந்தா மில்லு பக்கத்து ஷெட்டு எனக்குன்னு சொல்லிகீறாரு. சொந்த ஒர்க்‌ஷாப்புக்கா.”

“எல்லாரும் இருக்கும்போது சொன்னானா, தனியா சொன்னானா?”

“உனுக்கு எல்லாத்துலயும் டவுட்டு.”

ஞாயிறு அந்த மண்டபத்தில் நடக்கும், மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கான போட்டிக்கு நானும் நடுவர். மொத்தம் மூன்று பேர். கூப்பிட வந்தவர் சொன்ன காரணம்: “மேடையில ஒரு லேடீஸ் இருந்தா நல்லா இருக்கும்மா.” ஆட்டோமொபைல் டிப்ளமோ, செய்யார் தொழிற்பேட்டையில் சுழலும் பாகங்களைச் சோதிக்கும் வேலை, இதெல்லாம் அதற்குப் பிறகுதான் விசாரித்தார். போட்டியாளரின் சொந்தக்காரர் நடுவராக இருக்கக் கூடாதாம். எனக்கு என்ன தடை? பேனரில் என் தம்பி பெயர் இல்லையே.

தினேஷ் கெஞ்சினான், அக்கா என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. பிரசாந்துக்குத் தெரியாது. எங்கள் தெரு முனையில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பானே தவிர, ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். அம்மாவுக்கு முட்டி மாத்திரை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பந்தலுக்குள்ளும் வெயில். நடுவர் என்று நெஞ்சில் ஒரு ரோஜாப்பூ பட்டை.

வந்தவை: உயர்த்திக் கட்டிய ஜீப். கலர் பல்பு ஒட்டிய கார்கள். முழுக்க ஸ்பீக்கராக ஒரு ஆட்டோ. அப்புறம் நம் கார்.

சீட் முழுக்க ஆரணிப் பட்டு. ஜரிகை பார்டர் தைத்த ஓரம். இன்னொரு நடுவர் ஜவுளிக்கடைக்காரர். தடவித் தடவிப் பார்த்தார். “நம்ம கடை பட்டுதாம்மா. கை வழுக்கிகினு போவுது பாரு.” கை வழுக்கினால் உட்காருபவனும் வழுக்குவான். சொன்னேன். சிரித்தார். மூன்றாவது ஆள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பட்டில் உட்கார்ந்து செல்ஃபி.

பழைய பேனர் ஒன்றை விரித்துப்போட்டுக் கீழே படுத்தேன். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் விதம் அழகு. வெல்டிங் ஒரே சீர். அழுகை வந்தது, தூசி என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஷாஃப்ட். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய். புதுப் பெட்டி நீளம் அதிகம், அதனால் குழாயை வெட்டிக் குறைத்துச் சேர்த்திருக்கிறான். ஒரு பக்கம் சின்ன இரும்புத் துண்டு பற்றவைத்திருந்தது.

“இதை யார் பேலன்ஸ் பண்ணது?”

பிரசாந்த் திரும்பி தினேஷைப் பார்த்தான். தினேஷ் துடைக்கிற துணியோடு ஓரமாக நின்றிருந்தான், கிளீனர் மாதிரி.

“களம்பூர் ஏழுமலை அண்ணன் லேத்துல, மேடம்.”

என்னை மேடம் என்றான்.

ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் மார்க் போட மாட்டேன் என்றேன். பிரசாந்த்தான் ஓட்டினான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அந்த ஸ்டீயரிங்கை அவன் யாருக்கும் விட்டதில்லை. பைபாஸ். ஐம்பது வரை வெண்ணெய். கியர் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் விழுந்தது. அறுபதைத் தாண்டியதும் தரைக்கடியில் ஓர் உறுமல். எழுபத்தைந்தில் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. என் பல் ஆடியது.

“ரோடு சரியில்ல மேடம்.”

“ரோடு புதுசு. ஷாஃப்ட் சரியில்ல.”

விளக்கமாகச் சொன்னேன். இதே வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் முன்பக்க மூட்டு உடையும். குழாயின் முனை ரோட்டில் குத்தும். கார் எகிறிக் கவிழும். குழாய் கழன்று விழுந்தால் தாங்க அடியில் ஒரு இரும்புப் பட்டைகூட இல்லை. அவன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது நாற்பதைத் தாண்டவில்லை.

எஞ்சின் கியர்பாக்ஸ் பொருத்தத்துக்கு முழு மார்க். பாதுகாப்புக்குப் பூஜ்யம். ஷாஃப்டை மாற்றாமல் ரோட்டில் விடக் கூடாது என்று மைக்கிலும் சொன்னேன். ஜவுளிக்கடைக்காரர் மைக்கை வாங்கி, “மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

முதல் பரிசு அந்தக் காருக்கே. பிரசாந்த் கடவுளுக்கும் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் நன்றி சொன்னான். தினேஷும் கைதட்டினான். ரொம்ப நேரம்.

பிப்ரவரி 9, திங்கள்

லீவு. காலையிலேயே களம்பூர் லேத்.

ஏழுமலை அண்ணன் எப்படி பேலன்ஸ் பார்க்கிறார் என்று நேரில் பார்த்தேன். மில் ஷாஃப்டுக்குச் செய்வதேதான். இரண்டு இரும்பு விளிம்பின் மேல் குழாயைப் படுக்கவைப்பது. கனமான பக்கம் உருண்டு கீழே வரும். எதிர்ப்பக்கம் ஒரு துண்டு பற்றவைப்பது. உருளாமல் நின்றால் முடிந்தது. மெதுவாகச் சுற்றும் மில்லுக்கு அது போதும். கார் ஷாஃப்ட் சுற்றும் வேகம் வேறு. ஒரு முனையில் மேல்பக்கம் கனம், மறுமுனையில் கீழ்ப்பக்கம் கனம் என்றால் விளிம்பில் குழாய் அசையாமல்தான் கிடக்கும். வேகமாகச் சுற்றினால் இரண்டு முனையும் எதிரெதிராக இழுக்கும். சுற்றவிட்டுப் பார்க்கும் மெஷின் வேண்டும். எங்கள் கம்பெனியில் நாள் முழுக்க அதன் முன்னால்தான் நிற்கிறேன்.

“அண்ணா, தினேஷ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்.”

“இந்த ஊரு மில்லெல்லாம் என் ஷாப்ட்லதாம்மா ஓடுது. ஒண்ணு உடைஞ்சிதுன்னு சொல்லு பாப்போம்.”

“மில்லு எண்பதுல போவாதுண்ணா.”

“காலங்காத்தால வந்து பேஜார் பண்ணாத. போம்மா.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றும் உடைந்ததில்லை. தினேஷும் காரை மில் வளாகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தவன். எஞ்சின் மாற்றியதை ஆர்டிஓவில் பதியவில்லை, போலீஸ் பயத்தில் ரோட்டில் வேகமாக எடுத்ததே இல்லை.

சாயங்காலம் தினேஷ் ஷெட் சாவியைக் காட்டினான். முகம் முழுக்கப் பல். அம்மா ராட்டையை நிறுத்திவிட்டுச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நாளைக்கு மெட்ராஸ்ல பெரிய ஷோ. வண்டிய நான்தான் ஓட்டிகினு போறேன்.”

“நீயா? அவன் எதுல வரான்?”

“அவுரு புது வண்டில பின்னாடி வராரு. நீதான் கட்டுன, நீயே ஓட்டுடான்னு சொல்லிட்டாருக்கா. எல்லார் முன்னாடியும்.”

நான் சொன்னதை இந்த ஊரில் ஒருவன்தான் நம்பியிருக்கிறான். நம்பியதால்தான் கார் சாவியை என் தம்பி கையில் கொடுத்திருக்கிறான்.

தினேஷிடம் இதைச் சொன்னேன். காலைப் பிடிக்காத குறை. ராணிப்பேட்டையில் மெஷின் இருக்கிறது, ஒரே நாள் வேலை, காசு நான் தருகிறேன் என்றேன்.

“பூஜ்யம் போட்டியே, அத்தோட விடுக்கா. இப்பதான் ஒருத்தன் என்ன மனுசனா மதிக்கறான். அதுவும் புடிக்கலியா உனுக்கு?”

அம்மாவும் அவன் பக்கம். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசாதே என்கிறாள்.

அவன் குளிக்கப் போனபோது சட்டைப் பையிலிருந்த கார் சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி. எழுந்தபோது பாய் காலி. சாவி அரிசிக்குள்ளேயே இருக்கிறது. பிரசாந்திடம் இன்னொன்று இருந்திருக்கிறது. இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மில்லுக்கு ஓடினேன். வாட்ச்மேன்: “ரெண்டு வண்டியும் அப்பவே கிளம்பிச்சே.”

தினேஷ் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. இருபது தடவை இருக்கும்.

போலீஸுக்குப் போன் அடித்தேன். பதியாத எஞ்சின், பிடியுங்கள் என்று என் தம்பியை நானே காட்டிக்கொடுத்தேன். “வண்டி இப்ப ஓடிகினு இருக்குதா?” ஓடுகிறது. “அப்புறம் இன்னாம்மா கம்ப்ளைன்ட்டு?”

இப்போது கம்பெனி பஸ்ஸில். பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணல். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குள் அவனை நிறுத்தியாக வேண்டும்.

போட்டி நடத்தியவரிடம் கெஞ்சி பிரசாந்த் நம்பர் வாங்கினேன். எடுத்தான். பின்னால் பாட்டு, யாரோ சிரிப்பு.

“சொல்லுங்க மேடம். சூப்பரா போய்கினு கீறான். எண்பத்தஞ்சு.”

“நிறுத்தச் சொல்லுங்க.”

“பயப்படாதீங்க. நாங்க பின்னாடிதான் வர்றோம், கொஞ்சம் கேப் விட்டு.”

“எதுக்கு கேப்?”

பாட்டை நிறுத்தினான்.

“ஹாரன் அடி. லைட்டைப் போடு. முன்னால போய் மடக்கு. நீ கேப் விட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவன் என் தம்பி. நிறுத்துடா அவனை.”