அறாத வார்

அம்மாவுக்கு வணக்கம். முட்டி வலி குறைந்ததா? நான் தெம்பாகத்தான் இருக்கிறேன்.

கிழிந்த தார்ப்பாயில் நானே ஒரு தோள்பை தைத்தேன். உன்னைப் போலவே வாரில் மூன்று வரித் தையல் ஓட்டினேன். போன வாரம் கிடங்கில் சரக்கு நகரும் பெல்ட்டின் உருளையில் அந்த வார் மாட்டிக்கொண்டது. அறுந்திருந்தால் தப்பித்திருப்பேன். உன் தையலாயிற்றே, அறுமா? என்னையும் சேர்த்து இழுத்துவிட்டது. முழங்கையில் டாக்டர் கொஞ்சம் தைத்தார். கோணல் தையல், நீ பார்த்தால் பிரித்துத் தைக்கச் சொல்வாய்.

"தப்பு உன் பை மேலதான்" என்றார் சூப்பர்வைசர்.

"உருளைக்கு மூடி போடுங்க சார், பை சும்மா இருக்கும்" என்றேன்.

மூடி இன்னும் வரவில்லை. எங்கள் கை அவர்களுக்கு மூடியைவிட மலிவு. அதனால் என்னோடு அறையில் தங்கியிருக்கும் எல்லோருடைய பை வாரையும் வெட்டி, நடுவில் பிரஸ் பட்டன் வைக்கிறேன். இழுத்தால் விட்டுவிடும்.

"டெய்லரே, என் பேண்ட்டையும் இப்படித் தைச்சுடாதீங்க, மானம் போயிடும்" என்கிறார் எங்கள் சமையல்காரர்.

பட்டன் தீர்ந்துவிட்டது, ஒரு பாக்கெட் அனுப்பு. பார்சலின் வாயைக் கடையில் கொடுக்காமல் நீயே தை. பிரிக்க நேரமானாலும் பரவாயில்லை.

சங்கு ஊதிவிட்டது. அதே உருளைக்குத்தான் போகிறேன். பயப்படாதே, வாரை மாற்றிவிட்டேன்.