தனி அறை: உண்டு

திங்கள், 3

விடாத தூறல். காட்டுப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு அரை மணி நேரம். செருப்பு வார் வேறு அறுந்தது.

தலைமையகத்திலிருந்து ஒரு படிவம். சிறைகளுக்குப் புதுச் சட்டம் வருகிறதாம். திருநங்கைக் கைதிகளை எங்கே வைப்பது, யார் சோதனை போடுவது, என்ன மருத்துவம்? எங்கள் கிளைச் சிறையில் என்ன வசதி என்று நாளைக்குள் எழுத வேண்டும். சட்டம் படித்தவன் எழுத்தராகக் கட்டம் நிரப்புகிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர், நான்கு வரி பிழையில்லாமல் எழுதத் தெரியாதவர், கண்காணிப்பாளர்.

"தனி அறை கேக்கிறாங்க ஐயா," என்றேன் அவரிடம்.

"சமையல்கட்டு பின்னாடி ஒண்ணு இருக்கே. உண்டுன்னு போடுங்க சார். இல்லன்னா நூறு கேள்வி கேப்பான்."

அந்த அறையில் கிழிந்த போர்வை, உடைந்த வாளி, எலி. கழிப்பறை கிடையாது. தனி அறை: உண்டு. பெண் காவலர்: உண்டு (பக்கத்துக் காவல் நிலையத்தில்). மருத்துவர்: உண்டு (சனிக்கிழமை மட்டும்). அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிவத்தில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். கேட்பவனுக்கு வேண்டியது அதுதானே.

வியாழன், 6

புழுக்கம். மைத்துனன் ஃபோன். எடுக்கவில்லை. இவன் பேச்சைக் கேட்டுத்தான் வக்கீல் தொழிலை விட்டேன்.

மாலையில் ரிமாண்டு. மலர், திருநங்கை, திருவேற்காட்டில் தள்ளுவண்டி டிபன் கடை. அடிதடி வழக்கு. வாரண்டில் பழைய பெயர், 'ஆண்'.

வார்டர் ஏழுமலை: "இன்னா சார், இத நான் எப்டி தொட்டுப் பாக்கறது? ஊட்ல தெரிஞ்சா சோறு கெடைக்காது." எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிச்சுக்கோ நைனா," என்றாள் மலர். "ஒரு பொம்பள போலீச மட்டும் கூப்ட்டுடு."

காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். எல்லோரும் பந்தோபஸ்தில். கடைசியில் சோதனை போட்டது ஏழுமலையே, மூன்று பேர் பார்க்க.

பதிவேட்டில் இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்வது வழக்கம். மணிக்கட்டில் மச்சம், நெற்றியில் தழும்பு என்று கண்ணில் பட்டதை எழுதி முடித்தேன். நன்றி சொன்னாள். எரிச்சலாக இருந்தது.

திங்கள், 10

நாலு நாளாக அவளுக்கு ஹார்மோன் மாத்திரை இல்லை. சனிக்கிழமை டாக்டர் தலை நிமிராமல், "லிஸ்ட்ல இல்ல."

சமையல்கட்டுக்குப் பின்னால் அந்த அறையில்தான் வைத்திருக்கிறோம். கழிப்பறைக்கு ஆண்கள் தொகுதிக்குத்தான் போக வேண்டும்.

"தண்ணியே குடிக்கறதில்ல சார். குடிச்சா அங்க போவணும்ல?"

இலவச சட்ட உதவி வக்கீல், சின்னப் பெண், பெண்கள் சிறைக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாள். இங்கே வசதி உண்டா என்று நீதிமன்றம் கேட்டதற்குப் பதில் எழுதும் வேலை என்னிடம். 'இல்லை' என்று எழுதலாம். எழுதினால் போன வாரப் படிவம் பொய். மெமோ எனக்குத்தான் வரும், கண்காணிப்பாளருக்கு அல்ல. ஓய்வுக்கு நாலு வருடம்.

படிவத்தின் நகலையே இணைத்து அனுப்பினேன்.

ரேஷன், கேஸ் புக்கிங், செருப்பு.

வெள்ளி, 14

வெயில். காலையில் மலர் மயங்கி விழுந்தாளாம். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

மனு தள்ளுபடி. தனி அறை, பெண் காவலர், மருத்துவர் இருப்பதாகச் சிறை நிர்வாகமே தெரிவித்திருப்பதால், மாற்றத் தேவையில்லை.

உத்தரவைக் கைதிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது எழுத்தர் வேலை. வாசித்தேன்.

"பொம்பள போலீசு கீதுன்னு யாரு சார் எழுதினது? அந்தாளு இங்க வந்து பாத்தானா?"

"தலைமையகத்துல யாரோ," என்றேன்.

"அவனாண்ட ஒரு வாட்டி சொல்லேன் சார்."

சரி என்றேன். கையெழுத்துப் போட்டாள்.