விளக்குக்காரிக்கு வைத்தியம்

நவம்பர் 3, திங்கள்

எழுந்தது பகல் பன்னிரண்டரைக்கு. ஒத்திகை பத்துக்கு. இரண்டு வாரத்தில் இது ஐந்தாவது முறை. இயக்குநர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "டிசம்பர் ஒண்ணாம் தேதி காலையில ஒன்பதுக்கு முழு ஒத்திகை. நீ வந்தா உன் நாற்காலி. இல்லேன்னா வேற ஆள் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

பத்தொன்பது வருடமாக இந்த அரங்கத்துக்கு வெளிச்சம் போடுகிறேன். என் நாற்காலியில் இன்னொருத்தரா? பார்த்துவிடலாம்.

நவம்பர் 5, புதன்

தூக்கத்துக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். விடியற்காலை நாலுக்குத்தான் தூக்கம் வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்றேன். மூன்றாவதைச் சொல்லும்போதே அது வந்துவிட்டது.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. உங்களோடது பின்தங்கி ஓடுது. தூக்கம் கெட்டா மனசும் கூடவே சாயும்" என்றார். வைத்தியம்? தினமும் அரை மணி நேரம் ஒரு பளிச்சென்ற பெட்டி விளக்கின் முன்னால் உட்கார வேண்டுமாம். சிரித்துவிட்டேன். எனக்கே விளக்கா? அதற்கப்புறம் அவர் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

நவம்பர் 6

பெட்டி விளக்கை எதற்கு வாங்க வேண்டும்? அரங்கத்திலிருந்து பழைய விளக்கு ஒன்றைக் கொண்டு வந்து ஸ்டாண்டில் ஏற்றினேன். கண் கூசியது, ஆரஞ்சுத் தாள் ஒட்டினேன். சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை. எனக்கு அப்போதுதான் நேரம் ஒழிகிறது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாராவது வாக்குமூலம் வாங்கறாங்களா?" என்றார்.

நவம்பர் 9

தூங்கும்போது காலை ஐந்தரை. முன்னைவிட மோசம்.

நவம்பர் 10, திங்கள்

டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மேடை விளக்கை மூஞ்சிக்கு நேரா வைக்காதீங்க, கண்ணு கெட்டுப்போகும். அதுவும் சாயங்காலமா? அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னாடி தள்ளும். எழுந்ததும் உக்காரணும்னு சொன்னேனே. எவ்வளவு வெளிச்சம்ங்கறது மட்டும் போதாது, எப்பங்கறதுதான் முக்கியம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நொடி முந்தி விளக்கைப் போட்டதற்காக எத்தனை பேரை விரட்டியிருப்பேன். நானே நேரத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

நாளைக்குப் பதினொன்றுக்கு எழுந்ததும் பெட்டி விளக்கு. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் வர வேண்டும். சாயங்காலம் வீடு மங்கலாக இருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒன்றாம் தேதி ஆறு மணிக்கு வந்துவிடுவேன். வந்துவிடுவேன்.

நவம்பர் 14

பத்தரைக்கு எழுந்தேன். வீட்டுக்காரர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "பரவால்ல, காரணத்தை அப்புறம் யோசிச்சுச் சொல்லு" என்றார்.

நவம்பர் 20

ஒன்பது. இந்த வாரம் அழவே இல்லை — இப்போதுதான் கவனிக்கிறேன். குளிக்கும்போது பாடினேன். கதவைத் தட்டி, "உள்ள யாரு?" என்கிறார் மனுஷன்.

நவம்பர் 24

அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டேன். எழுந்தபோது பத்து. எல்லாம் போச்சா? இன்னும் ஏழே நாள். டாக்டருக்கு போன் போட்டேன். "ஒரு நாள்தானே? நாளைக்கு எழ வேண்டிய நேரத்துக்கு எழுந்துடுங்க. கடிகாரம் கோவிச்சுக்காது" என்றார்.

நவம்பர் 27

ஏழு. அலாரத்துக்கு முன்னாலேயே முழிப்பு வந்துவிட்டது. விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

ஆறுக்கு எழுந்தேன்; ஜன்னலில் அப்போதுதான் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. எட்டரைக்கு அரங்கம். ஒன்பதுக்கு இயக்குநர் வந்தார், கூடவே அந்த வேற ஆளும். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் காட்சி. பொழுது விடியுது. போடு" என்றார்.

மேடையில் விடியல் என்றால் பொன்மஞ்சள், மேலிருந்து ஒரே வீச்சு. பத்தொன்பது வருடமும் அப்படித்தான். இன்று கை அங்கே போகவில்லை. பக்கவாட்டிலிருந்து சாம்பலும் நீலமுமாக, கட்டில் கால் மட்டும் தெரிகிற அளவுக்கு வைத்தேன். மெதுவாகச் சுவர். முகம் கடைசியில்.

"இத்தனை வருஷமா ஏன் இப்படிப் போடலை?" என்றார் இயக்குநர்.

"பார்த்ததில்ல சார்."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். மன்னிச்சுக்குங்க" என்றார்.