ஓடாத ரயிலில் ஒருத்தி

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் பேசின் பிரிட்ஜ் பக்கம், கைவிட்டுப் போட்ட பழைய ரயில் பெட்டிகளைப் படம் பிடிக்கப் போனேன். புதர் மண்டிய ஒரு பெட்டியில் ஏறி ஒரு படம் எடுத்ததும் இருட்டு மூலையில் ஏதோ அசைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"போட்டோ புடிக்காதக்கா. எம் புருசன் பாத்தா தேடிகினு வந்துடுவான்."

எடுத்த படத்தை அவள் கண்முன்னே அழித்தேன். "இங்க தனியா பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"வூட்டுல இருக்கறத வுட பயம் கம்மிக்கா."

பையிலிருந்த பன்னையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு இறங்கினேன். ராயபுரத்தில் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் திரும்புவதற்குள் இதைத் தபாலில் போட வேண்டும். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. போன் மட்டும் பண்ணாதே, அவர்தான் எடுப்பார்.

உன் தங்கை