வீசி எறிந்த முதல் பதில்

பெயரைச் சொன்னாலே திரும்பிப் பார்ப்பாய் என்று இன்னும் நினைக்கவைக்கிற என் மலருக்கு,

நீ போன இந்தப் பதினோரு மாதத்தில் உனக்கு எழுதக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் அழுவேன், அழுதால் வேலை ஓடாது. இன்று முடியவில்லை. காவிரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மலர். நாளை மறுநாள் ஆடிப் பதினெட்டு. இன்று பதினோரு மணிக்கு நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தில் உன் பெயர் இருக்கிறது.

தென்னூர் ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. உன் நாற்காலியில் பிரிண்டரைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போது காகிதம் மாட்டினால் நான்தான் எழுந்து போய் எடுத்துவிடுகிறேன். பழகிவிட்டது, பழகிவிட்டதே என்று கோபமாகவும் இருக்கிறது.

நாம் படித்துறைகளில் பொருத்திய வெள்ளைப் பெட்டிகள் நினைவிருக்கிறதா? ஆற்றின் மட்டத்தை அளந்து, கேபிள் வழியாகக் கண்காணிப்பு அறைக்கு அனுப்பும். மட்டம் கோட்டைத் தாண்டினால் அங்கிருந்து சங்கு ஊதும். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலை ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் சங்கு ஊதவில்லை. கண்காணிப்புத் திரையில் முந்தின நாள் வந்த எண்ணே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் 'இணைப்பு உள்ளது' என்று பச்சை. ஆற்றில் அதற்குள் நான்கு படி மூழ்கியிருந்தது.

பூ விற்கிற தனலட்சுமி அக்காதான் கத்தியிருக்கிறார். "ஏறுங்க, எல்லாரும் மேல ஏறுங்க! தண்ணி நல்லதுக்கு வரல!" ஒரு பெரியவர் சறுக்கிவிட்டார். வேட்டியைப் பிடித்து யாரோ இழுத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டுதான் போய்விட்டது. அது திரும்பித் திரும்பிச் சுழன்று போனதை அக்கா எனக்குக் கையால் காட்டினார்.

நான் போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டேன். உடனே சரியாகிவிட்டது. அணைத்துப் போட்டால் சரியாகிற வியாதி சொல்லாமல் திரும்ப வரும் என்று நீ சொல்வாயே? வந்தது. பத்தாம் நாள், கொள்ளிடக் கரைப் பெட்டி. இந்த முறை அணைக்கவில்லை. பையைப் பிரித்து அங்கேயே உட்கார்ந்தேன்.

கேபிள் மாற்றினேன், அசையவில்லை. இரண்டு முனையிலும் விளக்கு எரிகிறது. சிஸ்டத்தைக் கேட்டால் இணைப்பு இருக்கிறது என்கிறது. ஆனால் ஒரு எழுத்து போகவில்லை. கடைசியில் இரண்டு முனையின் வேகத்தையும் பார்த்தேன். மழையில் நனைந்த கேபிள் ஒரு நொடி அறுந்து, மறுபடி ஒட்டும்போது மறுமுனை வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. நம் பெட்டியோ அறுந்ததே தெரியாமல் பழைய வேகத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறது. கேட்க ஆளில்லாத பேச்சு.

ஏன் தெரியவில்லை? உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கேபிள் முனையில் இருக்கிற சிப்பில் ஒரு குறி உண்டு. இணைப்பு ஒருமுறை அறுந்தால், உடனே ஒட்டிக்கொண்டாலும், யாராவது வந்து படிக்கும்வரை 'அறுந்தது' என்றே வைத்திருக்கும். படித்ததும் மறந்துவிடும். ஆகவே முதல்முறை படித்தால் நடந்தது தெரியும், இரண்டாம்முறை படித்தால் இப்போதைய நிலை தெரியும். சிப்போடு பேசுகிற நம் டிரைவர் புரோகிராம் இரண்டுமுறை படித்துவிட்டு முதலாவதைத் தூர எறிந்துவிடுகிறது.

அப்படி எறிகிற வரியை எழுதியது யார் என்று மாற்றக் குறிப்பைத் திறந்தேன். மலர்விழி என்று இருந்தது.

நீ இல்லை. நான். இனியாவைக் கல்லூரியில் சேர்க்க நீ லீவு போட்ட அன்று நடந்தது. நீ எழுதியிருந்தது இரண்டு பதிலையும் வைத்துக்கொள்ளும். அதனால் இணைப்பு ஒரு நொடி விட்டாலும் திரையில் சிவப்பு வரும். கணேசன் சார் என் மேசைக்கு வந்து நின்றார். "சும்மா சும்மா செவப்பு காட்டுனா நம்ம பெட்டிய யாருங்க நம்புவா?" உன் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. அவசரம். உன் பெயரிலேயே அந்த வரியைப் போட்டேன். நாம் ஒருவர் சீப்பை ஒருவர் எடுக்கிற மாதிரி ஒருவர் கம்ப்யூட்டரை ஒருவர் எடுப்பவர்கள்தானே.

மறுநாள் நீ பார்த்துவிட்டுச் சொன்னாய்: "மொதல்ல வர்றத வீசாதடி. அதுதான் நடந்ததச் சொல்லுது."

"எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. இப்ப இருக்கா இல்லையா, அவ்வளவுதான் வேணும்" என்றேன். உனக்குச் சண்டை போடத் தெம்பில்லை போல. சிரித்துவிட்டுப் போய்விட்டாய். அந்தத் தெம்பில்லாததையும் நான் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுவிட்டாய். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடி வசந்தி."

"என்னடி? நல்லாத்தானே இருக்க?"

"ஒண்ணுமில்ல, இருக்கேன். நீ போ, பஸ்ஸு போயிடப் போவுது."

நான் இரண்டாவது பதிலை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு ஓடினேன். விடிந்ததும் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆயுள் அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். பெரியவர் விழுந்த விஷயத்துக்கு அறிக்கை கேட்டிருக்கிறார்கள். சார் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். உன் காரியத்தன்று கடைசிப் பந்தி எழும்வரை நின்றவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வசந்தி, நான் சொல்றதக் கேளுங்க. அந்த வரிய மாத்தி எல்லாப் பெட்டியிலயும் ஏத்திடுங்க. ரிப்போர்ட்ல மலர் பேரு இருக்கில்ல, இருந்துட்டுப் போகட்டும். போனவங்களப் போயி யாரு கேள்வி கேக்கப் போறாங்க? உங்க பேருன்னா, நீங்க பாத்த அத்தனை பெட்டியையும் நிறுத்திச் சோதிக்கச் சொல்லுவாங்க. ஆடிப் பெருக்கு வேற வருது."

நான் முடியாது என்று சொல்லவில்லை, மலர். யோசிக்கிறேன் சார் என்றேன். ஒரு முழு நாள் உன்னை அந்தக் காகிதத்தில் விட்டுவைத்திருந்தேன்.

நேற்று மாலை இனியா போன் செய்தாள். அழவில்லை, குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பெரியம்மா, அம்மா எழுதுனதுல தப்பாமே? அதனாலதான் அந்தத் தாத்தா ஆத்துல விழுந்தாராமா?"

"யாருடி சொன்னா?"

"சும்மா கேட்டேன். ஒண்ணுமில்ல, விடுங்க."

அதே 'ஒண்ணுமில்ல'. அதே குரல், உன் குரல். "விட மாட்டேன். மொதல்ல என்ன கேட்டியோ அதையே கேளு" என்றேன். அவள் மறுபடி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். யார் எழுதினது, யார் பெயரில், அம்மா என்ன சொல்லித் தடுத்தாள் என்பதை. மாடிப்படியையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு உட்கார்ந்து நான் எழுதியதை எல்லாம் தேடினேன். இதே புத்தி இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. மட்டம் அளக்கிற பகுதியில் ஒன்று, சங்குக்கு உத்தரவு போகிற பகுதியில் ஒன்று. முதலில் வருவதை எறிந்துவிட்டு அடுத்ததை நம்புகிற வரிகள். உன் பெயரில் கையெழுத்துப் போட்டால் அந்த ஒரு வரியோடு சோதனை முடிந்துவிடும். இவை இரண்டும் ஆற்றங்கரையிலேயே காத்திருக்கும். பதினெட்டாம் பெருக்கன்று காதோலை கருகமணியும் பழமுமாய்ப் பெண்கள் இறங்குவார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. எந்த முகத்தோடு நான் இதைச் சொல்லாமல் இருப்பது?

இதைப் படித்துறை மேலே உட்கார்ந்து எழுதுகிறேன். விடியற்காலையில் பார்த்த படி இப்போது இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. எரியட்டும். தனலட்சுமி அக்காவிடம் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவர் கூடையைத் தூக்கி இரண்டு படி மேலே வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கூடைதான் இன்றைக்கு அளவுகோல்.

உனக்கு வாக்குத் தருகிறேன். பதினோரு மணிக்கு உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவேன். எல்லாப் பெட்டியையும் நிறுத்திச் சோதிக்கட்டும். அதுவரை ஒவ்வொரு படித்துறையிலும் கயிறு கட்டி, ஆள் நிறுத்தச் சொல்வேன். பெருக்கன்று இந்தப் படித்துறையில் அந்த ஆள் நான். வேலை போனால் போகட்டும்.

சற்று முன் இனியாவிடமிருந்து செய்தி வந்தது. 'பரவாயில்ல பெரியம்மா' என்று இரண்டே சொல். நான் அதை நம்பவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு மன்னார்புரத்துக்கு, உங்கள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும் அவள் முகத்தில் முதலில் என்ன வருகிறதோ, அது எதுவானாலும், வாங்கிக்கொள்வேன்.

உன் பெயரில் தப்புச் செய்தவள்,
உன் இனியாவின் பெரியம்மா,
வசந்தி